மண்ணுக்குள் ஒரு சான்று

ஷாம் நாட்டுத் தராபுலுஸ் துறைமுகத்திலிருந்து இஸ்கந்தரிய்யா நோக்கி 1242இல் கடற்பயணம் செய்த பைலக் அல் கிப்ஜாக்கி, விண்மீன் தெரியாத இரவில் மாலுமிகள் நீர்க்கலத்தில் காந்த ஊசியை மிதக்கவிட்டுத் திசையறிந்ததைக் கண்டார். கற்களைப் பற்றி 1282இல் எழுதிய அரபு நூலில் அதைப் பதிவும் செய்தார். அந்த ஊசியைத் திருப்பிய புவிக்காந்தமே நம் சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில், மண்ணுக்குள் மறைந்திருப்பதைத் தேடவும் துணைநின்றது.

கீழடித் தொல்மேட்டின் பரப்பு ஏறத்தாழ 110 ஏக்கர். 2015 முதல் பல கட்டங்களாக அகழ்ந்தும், திறக்கப்பட்டது அதில் சிறு பகுதியே. எங்கே குழி இடுவது? இவ்வினாவுக்கு விடை காண, 2019ஐ ஒட்டிய காலத்தில் மும்பையிலுள்ள இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் துணையுடன் நிலத்தடி ஆய்வு மேற்கொள்ளப்பட்டது.

களிமண்ணில் இரும்புத் தாதுவின் நுண்துகள்கள் உண்டு. சூளையின் வெப்பம் ஏறத்தாழ 600 பாகை செல்சியசைக் கடக்கும்போது அவற்றின் பழைய காந்தத்தன்மை அழிகிறது. ஆறும்போது அவ்வேளையின் புவிக்காந்தத் திசையை ஏற்று அப்படியே உறைகிறது. ஆதலால் சுட்ட மண், சுற்றியுள்ள சுடாத மண்ணினின்று வேறுபட்டு நிற்கிறது. நம் பகுதியில் புவிக்காந்தப் புலம் ஏறத்தாழ 40,000 நானோடெஸ்லா. புதைந்த சூளை அதைச் சில பத்துகளோ சில நூறுகளோ மாற்றக்கூடும். நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, காந்தமானியை ஏந்தி நேர்கோட்டில் நடந்து, அம்மாற்றங்களை வரைபடமாக்குகின்றனர்.

படித்தறிவது எளிதன்று. சூளை எரிந்த இடத்திலேயே கிடப்பதால் அதன் குறி வலிது. சுவரில் அடுக்கிய செங்கற்களோ பல திசை நோக்கியிருப்பதால் ஒன்றின் விளைவை மற்றொன்று ஓரளவு குறைத்துவிடும். மேலும், காந்த நடுக்கோடு திருநெல்வேலிக்கு அருகே செல்வதால், இங்கே புலம் ஏறத்தாழக் கிடையாக அமைகிறது. ஐரோப்பாவில் பொருளுக்கு மேலே அளவு உயர்ந்து தோன்றும். இங்கோ பெரும்பாலும் தாழ்ந்து தோன்றும். வேலிக்கம்பியும் பம்புசெட்டும் கூடக் கருவியைக் குழப்பும்.

ஃபிக்ஹு கலையில் சூழலால் கிடைக்கும் குறிப்பைக் கரீனா என்றும், தெளிந்த சான்றைப் பய்யினா என்றும் பிரிப்பர். காந்த வரைபடம் கரீனா மட்டுமே. மண்வெட்டிதான் அதைப் பய்யினாவாக்கும். எனினும் அக்குறிப்பின் மதிப்பு பெரிது. ஒருமுறை அகழ்ந்த அடுக்கை மீண்டும் அகழ இயலாது. செங்கல்லுக்கு மண்ணெடுத்த நிலமும் திரும்பாது. தோண்டுமுன் அறிவது, தோண்டாமல் விடவேண்டியதைக் காப்பதற்கும் வழியாகும்.