‘எந்தத் தெரு?’ என்ற கேள்வியும் வேலைக்குப் போகும் பிள்ளைகளின் மனசும்

விடியும் முன்பே ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்றுவட்டாரக் கிராமங்களில் மில் பஸ்ஸின் ஹாரன் கேட்கத் தொடங்கிவிடும். பிளஸ் டூ முடித்த கையோடு நூற்பாலைக்கும், சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக் கூடங்களுக்கும், பஜார் ஜவுளிக்கடைகளுக்கும் போகிற பிள்ளைகளில் தலித் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள் கணிசம்.

சேர்ந்த சில நாளில் பக்கத்தில் நிற்பவர் கேட்பார்: “உங்க வீடு எந்தத் தெரு?” ஊர்ப் பெயர் சொன்னால் போதாது. பதில் சொன்ன பிறகு சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து இடம் காலியாகும். சிறு தவறுக்கும் “உங்க ஆளுங்களே இப்படித்தான்” என்ற ஏச்சு வரும். பெண் பிள்ளைகளுக்கு இதோடு சூப்பர்வைசரின் சீண்டலும் சேரும்.

இதை யாரும் நோய் என்று சொல்வதில்லை. ஆனால் தூக்கம் கெடுகிறது. ஷிப்டுக்குக் கிளம்பும்போதே நெஞ்சு படபடக்கிறது. சாப்பாடு இறங்குவதில்லை. காரணம் தெரியாமல் அழுகையோ கோபமோ வருகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் உதவி தேட வேண்டும். அது சோம்பேறித்தனமும் அல்ல, பலவீனமும் அல்ல. 2024-ம் ஆண்டு உலக மனநல நாளின் கருப்பொருளே பணியிட மனநலம்தான்.

திண்டுக்கல் சொல்லும் பாடம்

திருமணத்துக்கு மொத்தப் பணம் என்று ஆசை காட்டி, மூன்று ஆண்டு விடுதியில் அடைத்து வேலை வாங்கிய ‘சுமங்கலி திட்டத்தை’ நம் கிராமங்கள் மறந்திருக்காது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஏற்றுமதி ஆடை ஆலையில் வேலை பார்த்த 20 வயது தலித் பெண் கொலை செய்யப்பட்டார். கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். சீண்டல் இருந்ததாகக் குடும்பத்தாரும் சக தொழிலாளர்களும் சொன்னார்கள்.

அதோடு முடிந்துவிடவில்லை. தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ கையெழுத்தானது. ஆடைகளை வாங்கும் எச் அண்டு எம், கேப் போன்ற பன்னாட்டு நிறுவனங்களும் அதற்குக் கட்டுப்பட்டன. பயிற்சி பெற்ற தொழிலாளர்களே ஆலைக்குள் கண்காணிப்பாளர்கள் ஆனார்கள். சீண்டலையும் சாதி இழிவையும் சொல்ல, பக்கத்திலேயே ஓர் ஆள் கிடைத்தார். மனசு தெளிய மாத்திரை மட்டும் போதாது. பயமில்லாமல் வாய் திறக்க ஓர் இடமும் வேண்டும் என்பதே அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

நம் கையில் இருப்பவை

மனபாரம் தாங்க முடியாதபோது 14416 என்ற ‘டெலி மனாஸ்’ எண்ணை அழைக்கலாம். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனையில் ஆலோசனையும் மருந்தும் இலவசம். மனநல மருத்துவர் வரும் நாளை ஓ.பி. சீட்டு எழுதும் இடத்தில் கேளுங்கள்.

10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் பாலியல் சீண்டலை விசாரிக்க உள்புகார்க் குழு இருந்தாக வேண்டும். இது 2013-ம் ஆண்டுச் சட்டம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். குழு இல்லையென்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். பெண்களுக்கான உதவி எண் 181.

பிறர் பார்க்க, சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதற்கான உதவி எண் 14566. என்ன நடந்தது, என்றைக்கு, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்பதை அன்றன்றே நோட்டில் குறித்து வையுங்கள். பின்னால் அதுதான் சாட்சி.

ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்க வைப்பதும் உடலோடு மனசையும் வாட்டும். ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-லேயே சட்டத்தைத் திருத்திவிட்டது. கேட்பது உங்கள் உரிமை.

வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை வேலையை விட்டுவிட்டு வந்து நின்றால், “கடனை யார் கட்டுவது?” என்று கேட்கும் முன், “அங்கே என்ன நடந்தது?” என்று கேளுங்கள். பாதி பாரம் அப்போதே இறங்கிவிடும்.