பாபநாசத்தில் விட வேண்டியது எது?

பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் வரை, ஏறத்தாழ 125 கிலோமீட்டர் தூரமும் தமிழ் மண்ணிலேயே ஓடுகின்ற பெருமை தாமிரபரணி அன்னைக்கு உண்டு. அந்நதி மலையை விட்டிறங்கிச் சமவெளியில் அடியெடுத்து வைக்கும் இடத்தில் கோயில் கொண்டிருப்பவர் பாபநாசநாதர். உடனுறையும் அம்பிகை உலகம்மை. உரோமச முனிவர் ஆற்றில் மிதக்கவிட்ட ஒன்பது தாமரை மலர்களுள் முதல் மலர் கரை சேர்ந்த இடம் இது. ஆதலால் நவகயிலாயங்களுள் முதலாவதாகவும் சூரியத் தலமாகவும் இது போற்றப்படுகிறது. அகத்திய மாமுனிவருக்கு அம்மையப்பர் திருமணக்கோலம் காட்டிய தலமும் இதுவே. கொலைப்பாவம் தீர இந்திரன் இங்கே நீராடினான். அதனாலேயே ஊருக்குப் பாபநாசம் என்னும் பெயர் அமைந்தது என்று தலவரலாறு கூறும்.

இத்தகைய புண்ணியத் துறையில், சென்ற ஆண்டு தை அமாவாசையன்று, கையில் ஒரு சேலையோடு நின்றேன்.

என் இல்லாள் இறைவனடி சேர்ந்து இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. அவளுடைய பீரோவின் சாவி பூஜையறையில் குங்குமச் சிமிழுக்கு அருகில் அப்படியே கிடந்தது. ஒரு நாள் அவளுடைய தம்பி வந்திருந்தார். "அத்தான், அக்கா சேலை ஒண்ணைப் பாபநாசத்துல விட்டுட்டு ஒரு முழுக்குப் போட்டுட்டு வாங்க. அவளுக்கும் நல்லது, உங்களுக்கும் மனசு லேசாகும்" என்றார். அன்பினால் சொன்ன சொல் அது. பீரோவுக்குள் நிதானமாகப் பார்க்கும் துணிவு எனக்கு இல்லை. மேலே இருந்த கத்தரிப்பூ நிறப் பாலியஸ்டர் சேலையை உருவிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டேன்.

படித்துறையில் கண்ட காட்சி நான் எதிர்பாராதது. படிகளின் ஓரத்தில் வேட்டியும் சேலையும் சட்டையும் கால்சட்டையும் ஈரக்குவியலாகக் கிடந்தன. தண்ணீருக்குள் பாறைகளின் இடுக்கில் இன்னும் பல துணிகள் நீண்டு நெளிந்துகொண்டிருந்தன. பக்தர்கள் பொரி போட ஓடி வரும் மீன்கள் அவற்றினூடே திரிந்தன. மூழ்கி எழுந்த ஒரு முதியவரின் காலில் ஏதோ ஒரு துணி சுற்றிக்கொள்ள, பக்கத்திலிருந்தவர் கைகொடுத்துத் தூக்கினார்.

கொக்கி கட்டிய கழியால் துணிகளை வாரிக் கரையில் போட்டுக்கொண்டிருந்தவர் என் கையைப் பார்த்தார். "நல்ல சேலையால்லா இருக்கு அண்ணாச்சி! நீங்க இன்னைக்கு விடுவீங்க. நாளைக்கு நான்தான எடுக்கணும்?" என்றார். அவர் குரலில் கோபம் சிறிதும் இல்லை. அதுவே என்னை அதிகம் சுட்டது. முப்பது ஆண்டுகளுக்கு முன் என் தந்தையாரின் காரியம் முடிந்து, அவர் வேட்டியை இதே துறையில் விட்டுத் திரும்பிப் பாராமல் வந்தவன் நான். அந்த வேட்டியை யார் எடுத்தார் என்று அன்று வரை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

சாத்திரம் சொல்வது என்ன?

துணியை ஆற்றில் விடுவது தொன்று தொட்டு வரும் மரபு என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் தர்ம நூல்கள் சொல்வது வேறு. புண்ணிய நதியாகிய கங்கையில் செய்யத்தகாதவை என்று பதினான்கு செயல்கள் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. உடலழுக்கைத் தேய்த்துக் கழுவுதல், பூஜித்த மாலைகளை எறிதல், நீரில் விளையாடுதல் முதலியன அவற்றுள் அடங்கும். 'வஸ்திரத் தியாகம்', அதாவது உடுத்த துணியை நீரில் விடுதல், அந்தப் பதினான்கனுள் ஒன்று. கங்கைக்குத் தகாதது பொருநைக்கு மட்டும் எப்படித் தகும்?

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் பாட்டனார் காலத்தில் ஒருவருக்கு இருந்தவை இரண்டு மூன்று பருத்தி ஆடைகளே. அவற்றுள் ஒன்று தவறி ஆற்றோடு போனாலும், சில மாதங்களில் மக்கி மண்ணாகிவிடும். பாலியஸ்டர் அப்படியன்று. 1941-இல் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்ட அந்த இழை பெட்ரோலியத்திலிருந்து உருவாவது. 'டெரிலின்' என்றும் பருத்தியோடு கலந்து 'டெரிகாட்டன்' என்றும் நாம் ஆசையாக வாங்கி அணிந்தோமே, அதுவும் இவ்வகைதான். நாம் விட்ட பிறகும், நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அது ஆற்றடியில் கிடக்கும். நைந்து நைந்து நுண்ணிய இழைகளாக நீரில் கலக்கும். நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களின் குடிநீர் இந்த ஆறுதான் என்பதை மறக்கலாகாது.

2018 அக்டோபரில் மகாபுஷ்கர விழா நடந்தபோது, இலட்சக்கணக்கானோர் இந்நதியில் நீராடினர். அன்றும் சரி, ஆண்டுதோறும் வரும் ஆடி, தை அமாவாசைகளிலும் சரி, ஆற்றிலிருந்து துணிகளை அகற்றுவதே தன்னார்வலர்களுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் பெரும்பணி ஆகிவிடுகிறது. நதியின் மாசு குறித்த வழக்குகள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை சென்றிருக்கின்றன. பாவம் தீர்க்கும் துறையில் புதிய பாவம் ஒன்றை நாம் சேர்த்துவிட்டுத் திரும்புகிறோம்.

கறைபட்ட புடவை

உலகம்மையின் ஆடை பற்றி ஒரு வரலாறு இத்தலத்தில் வழங்குகிறது. அருகிலுள்ள விக்கிரமசிங்கபுரத்தில் வாழ்ந்த நமசிவாயக் கவிராயர், நாள்தோறும் அம்பிகையை வழிபட்டுவிட்டு இரவில் பாடிக்கொண்டே வீடு திரும்புவார். அப்பாடலில் மயங்கிய அம்பிகை அவர் பின்னே நடந்து வருவாளாம். ஒரு நாள் அவர் வாயிலிருந்த தாம்பூலம் தெறித்து அவள் ஆடையில் பட்டுவிட்டது. மறுநாள் அந்தக் கறையைக் கண்ட அர்ச்சகர் பதறி மன்னனிடம் முறையிட்டார். கவிராயரின் பக்தியைச் சோதிக்க, அம்பிகையின் கையிலிருந்த பூச்செண்டைப் பொன்கம்பியால் கட்டிவைத்துப் பாடச் சொன்னார்கள். அவர் பாடப் பாடக் கட்டுகள் அவிழ்ந்து, செண்டு அவர் கைக்கே வந்து சேர்ந்தது.

கறைபட்ட ஆடையைக் குற்றமாகக் கருதாதவள் நம் உலகம்மை. அவள் விரும்பியது அன்பைத்தான். அவள் சன்னிதியின் முன்னுள்ள உரலில் நாம் இடித்துத் தரும் ஒரு பிடி மஞ்சளை உவந்து ஏற்பவள், நம் பழந்துணியை ஆற்றில் விடச் சொல்வாளா? அன்று எள்ளும் நீரும் மட்டும் இறைத்து, மூழ்கி எழுந்து, சேலையை மறுபடி பையில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன்.

இயக்கமற்ற கணக்குகள்

மறுவாரம் மகளை வரவழைத்துப் பீரோவைத் திறந்தோம். மொத்தம் அறுபத்து மூன்று சேலைகள். அவள் மாற்றி மாற்றி உடுத்தியவை பத்துக்குள்தான் இருக்கும். அவற்றில் இரண்டு தையல் போட்டவை. பதினொரு சேலைகள் மடிப்புக்கூடக் கலையாமல், விலைச்சீட்டோடு இருந்தன. சில, நான் தீபாவளிக்கு வாங்கித் தந்தவை. "நல்ல நாளைக்குக் கட்டிக்கிடலாம்" என்று எடுத்து வைத்தாள். அந்த நல்ல நாள் வரவே இல்லை. அன்று நான் அழுதேன். இரண்டாண்டுகளாக வராத அழுகை அது.

பிறகு என் அலமாரியையும் திறந்தேன். பணி ஓய்வு பெற்று ஆண்டுகள் பல ஆகியும், அலுவலகத்துக்கு அணிந்த முழுக்கைச் சட்டைகளும் சஃபாரி உடைகளும் வரிசையாகத் தொங்கின. நான் வங்கியில் இருந்தவன். ஒரு கணக்கில் வாடிக்கையாளர் இரண்டாண்டுகளுக்கு மேல் வரவு செலவு செய்யாவிட்டால் அதனை 'இயக்கமற்ற கணக்கு' என்று வகைப்படுத்துவோம். பத்தாண்டுகள் யாரும் உரிமை கோராவிட்டால் அத்தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்குச் சென்றுவிடும். பிறருடைய கணக்குகளை அவ்வளவு கவனமாகப் பார்த்தவன் என் வீட்டுக் கணக்கைப் பார்க்கத் தவறிவிட்டேன்.

அதே விதியைத் துணிகளுக்கும் வைத்தோம். இரண்டு ஆண்டுகளாக உடுத்தாதது எதுவாயினும் வெளியே எடுக்க வேண்டும். எடுத்தவற்றை மூன்று பிரிவாக்கினோம்: உறவுக்குரியவை, பிறருக்குக் கொடுக்கத் தக்கவை, கொடுக்கத் தகாதவை.

கூறைப்புடவையையும் பட்டுகளையும் மகளும் மருமகளும் பகிர்ந்துகொண்டார்கள். மறைந்தவர் துணியை வீட்டில் வைக்கலாமா என்று சிலர் தயங்குவதுண்டு. தாயின் புடவையை மகள் உடுத்துவது அவளுடைய ஆசியையே உடுத்துவது என்று நான் கருதுகிறேன். மடிப்புக் கலையாதவற்றுள் இரண்டை மகள் கோயிலில் அம்பாளுக்குச் சாத்தக் கொடுத்தாள். உடுத்திய சேலையைத் தெய்வத்துக்குக் கொடுத்தல் ஆகாது, புதியதே தகும். எஞ்சிய ஒன்பதும் திருமண வயதில் பெண் இருக்கும் ஓர் ஏழைக் குடும்பத்துக்குச் சென்றன.

உடுத்தியவற்றில் நல்லவற்றைத் துவைத்து, தேய்த்து, அறுந்த பொத்தானைத் தைத்து, ஆண், பெண், குழந்தை என்று தனித்தனியாகக் கட்டிக் கொடுத்தோம். திருநெல்வேலியில் சில ஆண்டுகளுக்கு முன் 'அன்புச் சுவர்' என்று ஓர் ஏற்பாடு தொடங்கப்பட்டது. மிகுந்திருப்பவர் வைத்துச் செல்லலாம், வேண்டுவோர் எடுத்துச் செல்லலாம். டில்லியில் 1999-இல் தொடங்கிய 'கூஞ்ச்' என்னும் அமைப்பு, நகரத்துப் பழந்துணிகளைக் கிராமத்து மக்கள் செய்யும் பொதுப்பணிக்கு ஈடாக வழங்குகிறது. அதன் நிறுவனர் அன்ஷு குப்தா 2015-இல் மகசேசே விருது பெற்றார். வாங்குபவர் தலை குனியாமல் வாங்க வேண்டும் என்பதே அவர்கள் கொள்கை. கிழிந்ததையும் கறைபட்டதையும் தானம் என்று கொடுத்தல் தகாது.

கொடுக்கத் தகாத பருத்தித் துணிகளுக்கும் வீட்டில் வேலை உண்டு. அடுப்படிக் கைப்பிடித் துணி, மிதியடி, மெத்தைமேல் விரிக்கும் தைத்த விரிப்பு என்று ஆக்கலாம். நைந்த பாலியஸ்டரை மட்டும் உள்ளாட்சிக் குப்பை வண்டியில் உலர்ந்த கழிவாகச் சேர்த்துவிட வேண்டும். ஆற்றிலோ அடுப்பிலோ இடலாகாது.

நமக்கு எவ்வளவு போதும்?

1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில், காந்தியடிகள் மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஆயினும் அறுபதைக் கடந்தவர்க்கு வேண்டியது கொஞ்சமே என்பதை அனுபவத்தில் கண்டேன். எனக்கு இப்போது அன்றாடத்துக்கு நான்கு வேட்டிகள், கோயிலுக்கு இரண்டு, விசேடங்களுக்கு ஒரு பட்டுக்கரை வேட்டி, ஆறு அரைக்கைச் சட்டைகள், நான்கு துண்டுகள். அலமாரியைத் திறந்தால் எல்லாம் ஒரே பார்வையில் தெரிகின்றன.

புதிதாக வாங்கினால் பருத்தியாகவே வாங்குகிறேன். வேர்வையை உறிஞ்சும், படியில் வழுக்கிவிடாமல் உடம்போடு நிற்கும். விரல்கள் நடுங்குவோர்க்கு ஒட்டும் பட்டை வைத்த வேட்டியும், முன்புறம் கொக்கியுள்ள தளர்ந்த ரவிக்கையும் நலம். அம்பாசமுத்திரம் சாலையில் வீரவநல்லூர் வழியாகச் செல்பவர்கள் அங்குள்ள கைத்தறிகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவ்வூரின் செடிபுட்டாச் சேலை புவிசார் குறியீடு பெற்றது. ஆண்டுக்கு ஐந்து மலிவுச் சேலைகள் எடுப்பதைவிட ஒரு நல்ல கைத்தறிச் சேலை எடுத்து உடுத்துவது, நமக்கும் நெய்தவர்க்கும் நல்லது. ஒன்று புதிதாக உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும் என்ற கட்டுப்பாடும் வேண்டும்.

வைத்திருக்கும் பட்டைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை நிழலில் உலர்த்தி, மடிப்பை மாற்றி மடியுங்கள். இல்லையேல் ஜரிகை மடிப்பிலேயே இற்றுவிடும். பூச்சிக்கு வசம்பு போதும். எல்லாவற்றிற்கும் மேலாக, எடுத்து உடுத்துங்கள்! அடுத்த வெள்ளிக்கிழமையே நல்ல நாள்தான்.

அந்தக் கத்தரிப்பூச் சேலையை மட்டும் நான் கொடுக்கவில்லை. மருத்துவமனைக்கு அவள் கடைசியாக உடுத்திச் சென்றது அது. பீரோவில் தனியாக இருக்கிறது. ஒன்றை வைத்துக்கொள்வதில் பிழையில்லை என்று மகள் சொன்னாள்.

அவளுடைய பழைய சுங்குடிச் சேலை ஒன்று, துவைத்துத் துவைத்துப் பஞ்சுபோல் ஆனது, இப்போது எங்கள் வீட்டு உத்திரத்தில் தொட்டிலாகத் தொங்குகிறது. பாட்டியைப் பார்த்திராத பேத்தி அதில் உறங்குகிறாள்.

இவ்வாண்டு தை அமாவாசைக்கும் பாபநாசம் சென்றேன். எள்ளும் தர்ப்பையும் தவிர வேறெதுவும் கொண்டு போகவில்லை. பாபநாசத்தில் விட வேண்டியது நம் பற்றையும் பாவத்தையும்தான். துணியை வீட்டிலேயே, உரியவர் கையில் கொடுத்துவிட்டு வருவோம்.