159 கிலோ பைக், நான்கு பெல்ட்: கோலார் பயணக் கணக்கு

வாலாஜாபேட்டையிலிருந்து ராணிப்பேட்டை, சித்தூர், பலமநேர் வழியாகக் கோலாருக்கு 150 கி.மீ. அளவில் வரும். 2015 டக்கார் பந்தயத்தை 36ஆம் இடத்தில் முடித்த சி.எஸ். சந்தோஷ் தொடங்கிய பிக்ராக் டர்ட்பார்க் அந்தப் பக்கம்தான். மண்தடத்தில் ஓட்டப் பழக, பைக்கைப் பிக்கப்பில் ஏற்றிப் போகிறவர்களுக்கான கணக்கு இது.

டீசலில் தொடங்குவோம். போக வர 300 கி.மீ.; லிட்டருக்கு 14 கி.மீ., லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 2,000 ரூபாய். இரண்டு பைக் ஏற்றினால் ஆளுக்கு ஆயிரம். சுங்கக் கட்டணம் தனி.

எடுத்துக்காட்டாக, ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி பைக்கின் எடை 159 கிலோ, நீளம் 222 செ.மீ., ஹேண்டில்பார் அகலம் 85 செ.மீ. குட்டி யானையின் பின்பாடி 220 செ.மீ.தான். நேராக நிறுத்தினால் பின்கதவு மூடாது. சரக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 194(1ஏ) பிரிவின்படி அபராதம் 20,000 ரூபாய். 9 அடி பின்பாடி உள்ள பொலேரோ பிக்கப்பில் நீளம் தாராளம். ஆனால் அகலம் ஏறக்குறைய ஐந்தரை அடிதான்; இரண்டு ஹேண்டில்பார் சேர்ந்தாலே 170 செ.மீ. வந்துவிடும். அதனால் ஒன்றைச் சற்று முன்தள்ளி, மற்றதைப் பின்தள்ளி நிறுத்த வேண்டும்.

ஏற்றும்போதே பலர் அடிபடுகிறார்கள். பின்பாடி இரண்டரை அடி உயரம் என்று கொள்வோம். 7 அடிப் பலகையில் 57 கிலோ விசையோடு தள்ள வேண்டும். 10 அடிப் பலகையில் 40 கிலோ போதும். நீளப் பலகையே நல்லது. தள்ள இரண்டு பேர் கட்டாயம்.

இனி கட்டு. ஐரோப்பிய சரக்குக் கட்டு விதி, பிரேக் அடிக்கும்போது எடையில் 0.8 பங்கு முன்னோக்கியும், வளைவில் 0.5 பங்கு பக்கவாட்டிலும் தள்ளும் என்று கணக்கிடச் சொல்கிறது. நம் பைக்குக்கு அது 127 கிலோவும் 80 கிலோவும். முன்விசையைக் கேபின் சுவர் தாங்கட்டும். முன்சக்கரம் அதில் முட்டி நிற்க வேண்டும்; பின்தள்ளி நிறுத்திய பைக்குக்கு இடைவெளியில் கட்டை வைத்து முட்டுக்கொடுங்கள். பக்கவிசையைத் தாங்குவது பெல்ட். 45 பாகைச் சாய்வில் உள்ள ஒரே பெல்ட் முழுவதையும் தாங்க நேர்ந்தால் அதன்மேல் 113 கிலோ இழுப்பு விழும். சித்தூர் தாண்டி மொகிலி கணவாய் வளைவுகளில் இந்தப் பக்கவிசையை நேரில் உணரலாம். ஆகவே முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு ராட்செட் பெல்ட். லேபிளில் அச்சிட்ட வேலைச்சுமை 250 கிலோவுக்குக் குறையக் கூடாது. ஒன்று 400 ரூபாய் என்றாலும் நான்குக்கு 1,600தான். நைலான் கயிறு அதிர்வில் தளரும், நம்பாதீர்கள்.

முன் ஃபோர்க்கின் அமுங்கும் தூரம் 190 மி.மீ. அதில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 60 மி.மீ., அமுங்கும்வரை இறுக்கினால் போதும். அடியோடு அமுக்கினால் ஆயில் சீல் கெடும்; தளர விட்டால் பள்ளத்தில் ஃபோர்க் அமுங்கும்போது கொக்கி கழன்றுவிடும். பெல்ட் உரசும் இடங்களில் தோல் துண்டு வையுங்கள். ராணிப்பேட்டைப் பக்கம் தோலுக்கா பஞ்சம்?

மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் 0.6 பங்கு விசையோடு பிரேக் அடித்தாலும் வண்டி நிற்க 42 மீட்டர் ஆகும். அதுவரை பைக் முன்னோக்கித் தள்ளும் விசையைக் கையால் தாங்க முடியாது; அதனால் பைக்கைப் பிடித்துக்கொள்ள என்று யாரையும் பின்பாடியில் உட்கார வைக்காதீர்கள். முதல் 15 கி.மீ. போனதும் வண்டியை ஓரங்கட்டி, நான்கு பெல்ட்டையும் இன்னொரு முறை இறுக்குங்கள்.