மொன்றியலில் ஒரு சான்ட்விச் தேடி: அகதிகளின் உணவு நகரத்தின் உணவான கதை

ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சான், "மொன்றியலில் ஆகத் திறமான ஸ்மோக்ட் மீற் சான்ட்விச் எங்க கிடைக்கும்?" என்று கேட்டார். இந்த நகரத்தின் உணவகச் சமையலறைகளில் பல ஆண்டுகள் கோப்பை கழுவிய எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால் தேடத் தொடங்கினேன்.

எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சமைப்பதில்லை. உங்களில் பலர் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். ஆனாலும் இந்தச் சான்ட்விச்சின் கதை, அதை உண்ணாதவர்களும் அறிய வேண்டியது.

பதனிட்ட இறைச்சியும் ஊறுகாயும் பாணும் விற்கும் கடையே டெலி. கிழக்கு ஐரோப்பாவில் வறுமையாலும் வன்முறையாலும் ஊரை விட்டு வந்த யூதர்கள் இத்தகைய கடைகளை இங்கே திறந்தார்கள். மாட்டின் நெஞ்சுப் பகுதி இறைச்சி கடினமானது, அன்று மலிவானதும்கூட. அதில் உப்பு, மிளகு, மல்லி, உள்ளி தடவிப் பல நாட்கள் ஊறவிடுவார்கள். பிறகு புகையில் வேகவைத்து, கடைசியில் ஆவியில் அவிப்பார்கள். நீண்ட நேரச் சூட்டில் கடினமான நார்கள் இளகிவிடும். நாருக்குக் குறுக்கே வெட்டி, றை பாணுக்குள் அடுக்கி, மஞ்சள் கடுகு பூசித் தருவார்கள். மிளகும் மல்லியும் சேர்ந்த வாசனை எங்கள் கறித்தூளை நினைவூட்டும். குளிரூட்டி இல்லாத காலத்தில் உப்பிட்டுக் காத்த உணவு என்பதால், எங்கள் கருவாட்டுக்கும் அது தூரத்து உறவு.

முதலில் சென் லோறன் வீதிக்குப் போனேன். அங்குள்ள ஷுவாட்ஸ் கடையை 1928இல் ருமேனியாவிலிருந்து வந்த ரூபன் ஷுவாட்ஸ் தொடங்கினார். 2012இல் அது கைமாறியது. வாங்கியவர்களில் பாடகி செலின் டியோனின் குடும்பமும் ஒன்று. எதிரே 1974 முதல் இருந்த மெயின் டெலி 2023இல் மூடப்பட்டுவிட்டது. அடுத்த வாரங்களில், ஊட்ரெமோவில் 1951இல் தொடங்கிய லெஸ்ரர்ஸ் கடைக்கும், எங்கள் ஆட்கள் பலர் குடியேறிய கோட் டே நேஜ் பகுதிக்கு அருகில் 1946 முதல் இயங்கும் ஸ்னோடன் டெலிக்கும் போனேன்.

வரிசையில் நின்றபோது வேறொரு வரலாறும் மனதில் ஓடியது. 1939இல், நாஸிகளிடமிருந்து தப்பிய 900இற்கும் மேற்பட்ட யூதர்களுடன் வந்த சென் லூயிஸ் கப்பலைக் கியூபாவும் அமெரிக்காவும் ஏற்கவில்லை. கனடாவும் கதவைத் திறக்கவில்லை. ஐரோப்பாவுக்குத் திரும்பியவர்களில் 254 பேர் பின்னர் கொல்லப்பட்டார்கள். 2018இல்தான் கனடா மன்னிப்புக் கேட்டது. 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டபோது, அவர்கள் தங்குவதற்கு இதே நாடு அனுமதித்தது. அவர்களில் பலர் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்து சேர்ந்தார்கள்.

ஒரு காலத்தில் வேண்டாதவர்களாக நடத்தப்பட்ட மக்களின் உணவை, இன்று சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். ருசி மட்டும் அதற்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஒருவர் கடை போட்டார். இன்னொருவர் அருகில் நின்று ஊறவைக்கவும் வெட்டவும் பழகினார். தொடங்கியவர் போன பிறகும் கைப்பழக்கம் நின்றது. மெயின் டெலியைப் போல ஒரு கதவு மூடினாலும் மற்றக் கடைகளில் அது தொடர்கிறது.

மச்சானுக்கு என் பதில் இதுதான்: ஷுவாட்ஸில், கொழுப்பு அதிகமும் குறைவும் இல்லாத 'மீடியம்' கேளுங்கள். கண்முன்னே கையால் வெட்டித் தருவார்கள். ஆறுதலாக இருந்து கதைத்துச் சாப்பிட வேண்டுமென்றால் ஸ்னோடனுக்குப் போகலாம்.

அவர் சிரித்துவிட்டு, "அப்ப திறமான ஒடியல் கூழ் எங்க கிடைக்கும்?" என்று கேட்டார். எங்கள் வீட்டில்தான், அதுவும் அம்மா காய்ச்சினால் மட்டும் என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. எவ்வளவு மா, எவ்வளவு புளி, நண்டும் மீனும் எப்போது போடுவது என்பதெல்லாம் அம்மாவின் கையளவில்தான் இருக்கிறது. வருகிற சனிக்கிழமை அம்மா கூழ் காய்ச்சும்போது மகளையும் அடுப்படியில் பக்கத்தில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். நானும் ஒரு கொப்பியோடு நிற்பேன்.