ஜெயித்தவர் காத்திருந்தார்!

மராத்தான் என்பது 42 கிலோ மீட்டர் 195 மீட்டர் தூரம் ஓடும் பந்தயம். பாதி தூரம் போவதற்குள் பலருக்குக் கால் கெஞ்சும்; நாக்கு வறளும்.

அவ்வளவு தூரம் ஓடி முதலாவதாக வந்தவர் என்ன செய்வார்? கீழே உட்கார்ந்து மூச்சு வாங்குவார். தண்ணீர் குடிப்பார். கூட்டத்தைப் பார்த்துக் கை அசைப்பார்.

ஆனால் 1956-ம் ஆண்டு ஒலிம்பிக்கில் ஜெயித்தவர், ஓடி முடித்த இடத்தை விட்டுப் போகவில்லை. வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் வரவேண்டிய நண்பருக்காக!

காலை எடுக்க வேண்டிய நிலை

அவர் பெயர் அலைன் மிமூன். 1921-ல் அல்ஜீரியாவில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். அப்போது அந்த நாடு பிரான்சின் ஆட்சியில் இருந்தது. வயது வந்ததும் மிமூன் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்தார்.

1944-ம் ஆண்டு. இரண்டாவது உலக யுத்தம். இத்தாலியில் மான்டே கசினோ என்ற மலைப் பகுதியில் கடும் சண்டை நடந்தது. குண்டுச் சிதறல்கள் மிமூனின் இடது காலில் பாய்ந்தன. காலையே எடுத்துவிட வேண்டும் என்ற நிலை வந்தது. நல்ல வேளையாக, நேபிள்ஸ் நகர ஆஸ்பத்திரியில் நடந்த ஆபரேஷனில் கால் தப்பியது.

யுத்தம் முடிந்தது. பாரிஸ் நகரில் ஒரு விளையாட்டுக் கிளப்பில் சாப்பாடு பரிமாறும் வேலை கிடைத்தது. வேலை நேரம் போக மற்ற நேரத்தில் ஓடிப் பழகினார். வெட்டுப்பட இருந்த அந்தக் கால், பிரான்சின் வேகமான கால்களில் ஒன்று ஆயிற்று.

எப்போதும் இரண்டாவது!

ஆனால், எங்கே ஓடினாலும் அவருக்கு முன்னால் ஒருவர் ஓடினார். அவர்தான் எமில் ஜாட்டோபெக்.

ஜாட்டோபெக் அன்றைய செக்கோஸ்லோவாகியா நாட்டுக்காரர். இளம் வயதில் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பிறகு ராணுவ அதிகாரி ஆனார். ஓடும்போது முகத்தைச் சுளிப்பார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவார். "இதோ விழப்போகிறார்" என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். விழமாட்டார். ஜெயிப்பார்!

1948-ல் லண்டன் ஒலிம்பிக். 10,000 மீட்டர் ஓட்டத்தில் ஜாட்டோபெக்குக்குத் தங்கம், மிமூனுக்கு வெள்ளி.

1950-ல் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஐரோப்பியப் போட்டி. 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் அதே கதை.

1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக். அந்த இரண்டு ஓட்டங்களிலும் மறுபடி அதே கதை. போதாக்குறைக்கு மராத்தான் பந்தயத்திலும் ஜாட்டோபெக்கே ஜெயித்தார். அதற்கு முன் அவர் மராத்தான் ஓடியதே இல்லை!

"ஜாட்டோபெக்கின் நிழல்" என்று மிமூனுக்குப் பெயர் வந்தது. வேறு ஒருவராக இருந்தால் மனம் கசந்துபோயிருக்கும். இவர்கள் இருவருமோ நெருங்கிய நண்பர்கள் ஆனார்கள். ஒருவர் நாடு கம்யூனிஸ்ட் அணியில். மற்றவர் நாடு எதிர் அணியில். நட்புக்கு அது தடையாக இல்லை.

இருவருக்கும் சோதனை

1954-ல் மிமூனுக்கு இடுப்பிலிருந்து கால் வரை இழுக்கும் நரம்பு வலி வந்தது. இனி அவரால் ஓட முடியாது என்று பலர் நினைத்தார்கள். அதிலிருந்தும் மீண்டு வந்தார்.

1956-ல் ஜாட்டோபெக்குக்குச் சோதனை. பந்தயத்துக்குச் சில வாரங்களே இருந்தபோது அவருக்குக் குடல் இறக்க ஆபரேஷன் நடந்தது. பயிற்சிக்காக மனைவியைத் தோளில் சுமந்துகொண்டு ஓடியதால் வந்த கோளாறு என்று சொல்வார்கள். டாக்டர்கள் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை, சீக்கிரமே ஓடத் தொடங்கிவிட்டார்.

இது மற்றவர்கள் பின்பற்றக் கூடியதல்ல. இந்த ஆபரேஷனுக்குப் பின் வயிற்றுத் தசை கூடிவரப் பல வாரங்கள் ஆகும். முதலில் நடை; பிறகு மெதுவான ஓட்டம்; டாக்டர் சம்மதித்த பிறகே பந்தயம். இதுதான் சரியான வரிசை.

டிசம்பர் 1

1956 டிசம்பர் 1. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரம். சுட்டெரிக்கும் வெயில். கிரிக்கெட் மைதானத்திலிருந்து புறப்பட்டு, கிளேட்டன் என்ற இடம் வரை ஓடி, அதே ரோட்டில் திரும்பி வரவேண்டும்.

மிமூனுக்கு வயது 35. அவருக்கு அதுதான் முதல் மராத்தான். பெண் குழந்தை பிறந்திருக்கும் செய்தி ஊரிலிருந்து வந்திருந்தது. ஜாட்டோபெக்குக்கு வயது 34. ஆபரேஷன் செய்த உடம்பு.

பந்தயம் தொடங்கியது. சிலர் முன்கூட்டியே ஓடிவிட்டதால், எல்லோரையும் திரும்ப அழைத்து மறுபடி ஓடவிட்டார்கள்.

ஏறக்குறையப் பாதி தூரத்தில் மிமூன் முன்னுக்கு வந்தார். பிறகு அவரை யாரும் பிடிக்க முடியவில்லை. 2 மணி 25 நிமிடத்தில் ஓடி முடித்தார். இத்தனை வருஷம் இரண்டாவதாக வந்தவருக்கு ஒலிம்பிக் தங்கம்!

ஒரு சல்யூட்

மைதானமே ஆரவாரித்தது. மிமூனின் கண்கள் மட்டும் நுழைவாசலைப் பார்த்தபடி இருந்தன.

இரண்டாவதாக யூகோஸ்லாவியா வீரர் வந்தார். மூன்றாவதாகப் பின்லாந்து வீரர். நான்காவது ஆள் வந்தார். ஐந்தாவது ஆளும் வந்தார். ஜாட்டோபெக்கைக் காணோம்.

மிமூன் வந்து நாலரை நிமிடம் கழித்து, ஆறாவதாக, தள்ளாடிக்கொண்டு வந்து சேர்ந்தார் ஜாட்டோபெக். கண்கள் சொருகியிருந்தன. யார் ஜெயித்தார் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

மிமூன் அவரிடம் ஓடினார். ஜெயித்தது தான்தான் என்று சொன்னார். தன்னைப் பாராட்டமாட்டாயா என்று கேட்டார்.

ஜாட்டோபெக் நிமிர்ந்தார். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். ராணுவ வீரரைப் போல விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடித்தார். பிறகு நண்பரை இறுகக் கட்டிக்கொண்டார்.

தங்கப் பதக்கத்தைவிட அந்த அணைப்பே தனக்குப் பெரிது என்று மிமூன் பின்னாளில் சொன்னார். பிறந்த குழந்தைக்கு "ஒலிம்ப்" என்று பெயர் வைத்தார்.

சகோதரன்

ஜாட்டோபெக்கின் வாழ்வில் பிறகு கஷ்ட காலம் வந்தது. 1968-ல் ரஷ்ய டாங்கிகள் அவர் நாட்டுக்குள் நுழைந்தன. அதை வெளிப்படையாகக் கண்டித்தார். அதனால் ராணுவப் பதவி போயிற்று. உலகம் கொண்டாடிய வீரர், வீட்டை விட்டு வெகு தூரத்தில் உடலுழைப்பு வேலை செய்து வாழ்ந்தார்.

2000-ம் ஆண்டில் ஜாட்டோபெக் காலமானார். தான் இழந்தது ஓர் எதிரியை அல்ல, ஒரு சகோதரனை என்று மிமூன் சொன்னார். மிமூன் முதுமையிலும் ஓட்டத்தை விடவில்லை. 2013-ல், 92-வது வயதில் காலமானார்.

அந்தப் பந்தயத்தில் ஒருவர் முதலாவது, மற்றவர் ஆறாவது. ஆனால் அந்தக் கதையைச் சொல்பவர்கள் இருவர் பெயரையும் சேர்த்தேதான் சொல்கிறார்கள்.