பழைய உளியைத் தூக்கி எறியாதீங்க



நம்ம பிள்ளைகள் பலர் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை பக்கம் தச்சு வேலைக்குப் போகிறார்கள். சொந்தமாக உளியும் சீவுளியும் வைத்திருப்பவன் சீக்கிரம் பாஸ் ஆகிறான். இல்லாதவன் கையாளாகவே நிற்கிறான். புதுச் சாமான் விலையோ கூடுதல். ஆனால் லயத்துக் காம்பராவில் தாத்தாவின் உளி கறள் பிடித்துக் கிடக்கும். அதைத் திரும்ப வேலைக்கு எடுக்கலாம்.

முதலில் கைப்பிடியைக் கழற்றி, இரும்பை வினாகிரியில் ஓர் இரவு ஊறப் போடுங்கள். காலையில் தேய்த்துக் கழுவி, உடனே ஈரம் துடைத்து எண்ணெய் பூசுங்கள். அடிபட்டுத் தலை பூவாய் விரிந்திருந்தால் அதை அராவி எடுத்துவிடுங்கள். சில் தெறித்தால் கண் போய்விடும்.

அடுத்து வாயை அரத்தால் உரசிப் பாருங்கள். அரம் வழுக்கினால் பதம் இருக்கிறது, தீட்டினால் போதும். அரம் சுலபமாகக் கடித்தால் பதம் போய்விட்டது. மெஷின் சாணையில் அழுத்திப் பிடித்து வாய் நீலமாகிப் போன உளிகள்தான் பெரும்பாலும் இப்படி ஆகும். சாணை பிடிக்கும்போது அடிக்கடி தண்ணீரில் நனைக்கச் சொல்வது இதனால்தான்.

போன பதத்தைக் கொல்லன் பட்டறையில் திரும்ப ஏற்றலாம். வாய்ப்பக்கம் ஒன்றரை அங்குலத்தைச் சிவக்கக் காய்ச்ச வேண்டும். காந்தம் ஒட்டாமல் போனால் சூடு ஏறக்குறைய 770 பாகை. இன்னும் கொஞ்சம் சிவந்ததும் எண்ணெயில் தோய்க்க வேண்டும். இப்போது இரும்பு கண்ணாடி மாதிரி, அடித்தால் உடையும். ஆகவே வாயைப் பளபளப்பாகத் தேய்த்து, பின்பக்கத்திலிருந்து மெதுவாகச் சூடு காட்டுங்கள். நிறம் ஓடி வரும். வாய் வைக்கோல் மஞ்சளானதும், அதாவது 220, 230 பாகையில், தண்ணீரில் போடுங்கள். நீலம் வரவிட்டால் வாய் மெத்தென்றாகி, கூர் நிற்காது.

பிறகு 25 பாகைச் சரிவில் தீட்டுங்கள். முதுகுப்பக்கமும் தட்டையாக இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: எண்ணெய் தீப்பிடிக்கும். இந்த வேலையை லயத்துக்குள்ளே செய்யாதீங்க. இரும்பு வாளியும் அதற்கு மூடியும், பக்கத்தில் மணலும் இருக்கட்டும். தீயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. சின்னப் பிள்ளைகளைத் தூர நிறுத்துங்கள்.

உருக்கு வேலை நம் நாட்டுக்குப் புதிதல்ல. பலாங்கொடைக்கு அருகே சமனலவெவ மலைச்சரிவில், 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை, பருவக்காற்றையே துருத்தியாக்கி உருக்கு எடுத்திருக்கிறார்கள். ஜில் ஜுலெஃப் என்ற ஆய்வாளர் இதை 1996இல் உலகுக்கு எடுத்துச் சொன்னார். கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமியும் 1908இல் வெளிவந்த தன் நூலில் இந்நாட்டு இரும்பு, உருக்கு வேலையை எழுதி வைத்தார்.

கவ்வாத்துக் கத்தியின் கூர் எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. உளிக்கும் அதே கதைதான். கொழும்புக்குப் புறப்படும் பிள்ளையின் பையில் தீட்டிய உளி ஒன்றை எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்து அனுப்புங்கள்.