பொட்டலத்தில் இருப்பது கஞ்சாவே இல்லை... தெரியுமா?

ஆனந்தன், ஆனந்தி என்று உங்கள் தெருவிலேயே யாராவது இருப்பார்கள். அதே பெயரில் ஒரு வேதிப்பொருள் உங்கள் மூளைக்குள்ளும் இருக்கிறது, தெரியுமா?

1992-ல் இஸ்ரேலின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் ரஃபேல் மெக்கூலமின் ஆய்வுக்குழு, பன்றியின் மூளையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தது. நம் மூளையும் அதையேதான் சுரக்கிறது. அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று யோசித்தவர்கள், 'ஆனந்தம்' என்ற சமஸ்கிருதச் சொல்லை எடுத்து 'ஆனந்தமைடு' என்று வைத்தார்கள்! பயத்தைத் தணிப்பது, பசியைத் தூண்டுவது, வலியைக் குறைப்பது, பழைய அச்சங்களை மெல்ல ஆறவைப்பது என்று அதற்கு ஏகப்பட்ட வேலை.

அந்த ஆனந்தம் உட்கார வேண்டிய நாற்காலியில் ஒரு போலி வந்து உட்கார்ந்தால்? அதுவும் தினம் தினம், மாதக்கணக்கில் உட்கார்ந்தால்? செயற்கைக் கஞ்சா செய்வது அதைத்தான். படிக்கப் படிக்க நெஞ்சு பதறும். ஆனாலும் கடைசி வரை படியுங்கள், ஒரு நல்ல சேதியும் காத்திருக்கிறது.

ஒரு பேராசிரியரின் பெயரே போதைப்பொருளுக்குப் பெயரானது தெரியுமா?

அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்தவர் ஜான் டபிள்யூ. ஹஃப்மன். கஞ்சாவின் வேதிப்பொருள் மூளையில் எந்த இடத்தில் ஒட்டுகிறது, எப்படி வேலை செய்கிறது என்று கண்டறியத்தான், அரசு நிதியுதவியோடு 400-க்கும் மேற்பட்ட செயற்கை மூலக்கூறுகளை அவரும் அவர் மாணவர்களும் உருவாக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் பெயரின் முதலெழுத்துகளும் ஓர் எண்ணும்தான் அடையாளம். அப்படிப் பிறந்ததுதான் 'ஜே.டபிள்யூ.ஹெச்.-018'.

மனிதர்களுக்குக் கொடுத்துச் சோதிக்கப்படாத பொருள் அது. ஆய்விதழ்களில் வெளியான செய்முறையை யாரோ எடுத்தார்கள், ஆலையில் காய்ச்சினார்கள், பளபளக்கும் உறையில் போட்டு விற்றார்கள். ஐரோப்பாவில் அது 'ஸ்பைஸ்', அமெரிக்காவில் 'கே2', துருக்கியில் 'பொன்சாய்'. தமிழ் வம்சாவளியினர் தலைமுறை தலைமுறையாக வாழும் மொரீஷியஸ் தீவில் அதன் பெயர் 'சிமிக்'. இதைத் தொடாதீர்கள் என்று ஹஃப்மனே பலமுறை பகிரங்கமாக எச்சரித்தார். கேட்பார் யார்?

இலை வெறும் வேஷம் தெரியுமா?

உறையைப் பிரித்தால் காய்ந்த இலைத்தூள். சமையலறையில் காய்ந்த கறிவேப்பிலையைக் கசக்கிப் போட்டதுபோல இருக்கும். பார்ப்பவர், 'மூலிகைதானே, செடிதானே' என்று நம்பிவிடுகிறார். ஆனால் அந்த இலையில் போதையே கிடையாது! கரைப்பானில் கரைத்த ரசாயனத்தை அதன்மேல் தெளித்து உலரவிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். சிமென்ட் கலக்கும் இயந்திரத்தில் போட்டு இலையைப் புரட்டிய இடங்களும் பிடிபட்டிருக்கின்றன.

இதில்தான் பயங்கரமே இருக்கிறது. இட்லி மாவில் உப்பைச் சரியாகக் கலக்காவிட்டால் என்ன ஆகும்? ஓர் இட்லி சப்பென்று இருக்கும், அடுத்தது வாயில் வைக்க முடியாது. அதேபோல ஒரே உறையின் ஒரு மூலையில் ரசாயனம் ஒன்றுமே இருக்காது, இன்னொரு மூலையில் கட்டியாகத் தேங்கி நிற்கும். 'நேற்றும் இதே அளவுதானே இழுத்தேன்' என்று சொல்ல யாராலும் முடியாது. உறையின்மேல் 'மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சடித்து, ஊதுபத்தி வகையாக விற்றார்கள் என்பது இன்னொரு கொடுமை.

மூளைக்குள்ளும் ஃபேன் ரெகுலேட்டர் உண்டு தெரியுமா?

ஆனந்தமைடு உட்காரும் நாற்காலிக்கு 'சி.பி.1 ஏற்பி' என்று பெயர். நினைவைக் காக்கும் பகுதி, பயத்தை உணரும் பகுதி, நிதானித்து முடிவெடுக்கும் முன்மூளை என்று எங்கும் அது நிறைந்திருக்கிறது. அதன் வேலை அதிசயமானது. ஒரு நரம்பணு அடுத்ததற்குச் சேதி அனுப்புகிறது. சேதி அளவுக்கு மீறினால், வாங்கிக்கொண்ட நரம்பணு ஆனந்தமைடு போன்ற பொருளைச் சுரந்து பின்னோக்கி அனுப்பி, 'போதும், நிறுத்து' என்று சொல்கிறது! வேகத்தைக் குறைக்கும் ஃபேன் ரெகுலேட்டர் போலத்தான்.

இயற்கைக் கஞ்சாவில் உள்ள டி.ஹெச்.சி. இந்த ரெகுலேட்டரைப் பாதி வரைதான் திருப்பும். அதுவே மனதுக்குக் கேடுதான், சந்தேகமில்லை. ஆனால் செயற்கைக் கஞ்சாவின் மூலக்கூறுகள் பெரும்பாலும் அதை முழுசாகத் திருப்பிவிடுபவை. 2016 ஜூலை 12 அன்று நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரே நாளில் 33 பேர் நடைபிணம்போல, வெறித்த பார்வையோடு தெருவில் தள்ளாடினார்கள். அவர்கள் இழுத்ததை ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது, டி.ஹெச்.சி.யைவிட ஏறக்குறைய 85 மடங்கு வீரியமுள்ள பொருள் என்று தெரியவந்தது. ஆம், 85 மடங்கு!

இதில் பிரேக்கே கிடையாது தெரியுமா?

கஞ்சாச் செடியில் டி.ஹெச்.சி.யோடு சி.பி.டி. என்ற இன்னொரு பொருளும் இருக்கிறது. டி.ஹெச்.சி. கிளப்பும் பதற்றத்தையும் மனப்பிறழ்வையும் அது ஓரளவு தணிக்கலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. செயற்கைக் கஞ்சாவில் அந்த சி.பி.டி. அறவே இல்லை.

விளைவு என்ன? யாரும் பேசாதபோது குரல் கேட்கிறது. அடுத்த வீட்டுக்காரர் உளவு பார்ப்பதாகத் தோன்றுகிறது. அம்மா போட்ட சோற்றில் விஷம் இருக்குமோ என்று தட்டைத் தள்ளிவிடுகிறார். காரணமே இல்லாமல் ஆவேசம், அடுத்த நிமிடம் அழுகை. சிலருக்கு இது சில மணி நேரத்தில் தணிகிறது. சிலருக்கோ போதை இறங்கி வாரக்கணக்கான பின்னும் விடுவதில்லை. குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு நோய் இருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். இப்படிப்பட்ட பாதிப்புகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வுக்கட்டுரை, 2013-ல் இதற்கு 'ஸ்பைசோஃப்ரீனியா' என்றே பெயர் சூட்டியது. ஸ்பைஸும் மனச்சிதைவைக் குறிக்கும் ஸ்கிசோஃப்ரீனியாவும் சேர்ந்த சொல் அது!

இந்தச் சின்னச் சோதனையில் செயற்கைக் கஞ்சா பழகியவர்கள் தடுமாறுகிறார்கள் தெரியுமா?

நீங்களே செய்து பாருங்கள். யாரையாவது ஒவ்வோர் எழுத்தாக மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள். க... ம... ப... ம... ர... இப்போது கேட்கும் எழுத்து, இரண்டு எழுத்துக்கு முன்னால் வந்த அதே எழுத்தாக இருந்தால் மேசையைத் தட்ட வேண்டும். இரண்டாவது 'ம' வந்ததும் தட்டினீர்களா? அந்த ஒரு நொடியில் உங்கள் மூளை பழைய எழுத்தைப் பிடித்து வைத்தது, புதியதோடு ஒப்பிட்டது, வேண்டாததை உதறியது, கைக்கு உத்தரவு போட்டது. கடைக்காரர் சொன்ன விலையை மனதில் வைத்துக்கொண்டு பாக்கிச் சில்லறையைக் கணக்குப் பார்ப்பதும் இதே திறமையால்தான்.

இஸ்ரேல் ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், செயற்கைக் கஞ்சா பழக்கம் உள்ளவர்கள், இயற்கைக் கஞ்சா பயன்படுத்துபவர்கள், எதையும் தொடாதவர்கள் ஆகிய மூன்று குழுக்களுக்கு இந்த வகைச் சோதனைகளை வைத்தார்கள். செயற்கைக் கஞ்சாக் குழுதான் மிகவும் பின்தங்கியது. மனச்சோர்வும் பதற்றமும் அவர்களுக்கே அதிகம் இருந்தன. துருக்கியில் செயற்கைக் கஞ்சாவுக்குப் பழக்கப்பட்டவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, சில பகுதிகளில் சாம்பல் நிறத் திசுவின் அளவே குறைவாக இருந்தது! மூளை ஏறக்குறைய 25 வயது வரை வளர்ந்துகொண்டே இருக்கும் உறுப்பு. பதினாறு வயதுப் பிள்ளை இதைத் தொட்டால், கட்டி முடிக்காத வீட்டில் கடப்பாரை போட்டதுபோலத்தானே?

இந்த நாற்காலியை அடைத்தாலும் ஆபத்து தெரியுமா?

உடல் பருமனைக் குறைக்க 'ரிமோனபன்ட்' என்ற மாத்திரைக்கு 2006-ல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. சி.பி.1 ஏற்பியை அடைத்துப் பசியைக் குறைக்கும் மாத்திரை அது. எடை குறைந்தது உண்மை. ஆனால் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் தலைதூக்கியதால், 2008-லேயே அதன் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். இந்த ஏற்பி நம் மனநிலையோடு எவ்வளவு நெருக்கமாகப் பின்னிக் கிடக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

மூளை தானே மணியை நிறுத்திவிடும் தெரியுமா?

யாரோ இரவும் பகலும் அழைப்பு மணியை அடித்துக்கொண்டே இருந்தால் என்ன செய்வீர்கள்? ஒயரைப் பிடுங்கிவிடுவீர்கள். மூளையும் அப்படித்தான்! போலி ஓயாமல் வந்து தட்டத் தட்ட, நரம்பணு தன் சி.பி.1 ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. அப்புறம் உண்மையான ஆனந்தமைடு வந்தாலும் கதவு திறக்க ஆளில்லை. மல்லிகை வாசனை, குழந்தையின் சிரிப்பு, பிடித்த பாட்டு எல்லாமே சப்பென்று போய்விடுகின்றன.

இந்த ரசாயனங்கள் பல சீக்கிரம் உடலை விட்டுப் போய்விடுவதால், மீண்டும் வேண்டும் என்ற தவிப்பும் சீக்கிரமே வருகிறது. நடுராத்திரியில் தூக்கத்திலிருந்து எழுந்து இழுப்பவர்களை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். திடீரென்று நிறுத்தினால் வியர்வை, படபடப்பு, வாந்தி, தூக்கமின்மை, கடும் பதற்றம், சிலருக்கு வலிப்பு. அதனால் இதைத் தனியாக நிறுத்த முயலக் கூடாது, மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும்.

தடை போட்டால் நான்கே வாரத்தில் தம்பி வந்துவிடுவான் தெரியுமா?

ஸ்பைஸுக்குள் இருப்பது ஜே.டபிள்யூ.ஹெச்.-018 என்று ஜெர்மனியில் 2008 டிசம்பரில் கண்டுபிடித்தார்கள். 2009 ஜனவரியில் தடை. நான்கே வாரத்தில் அதன் தம்பி ஜே.டபிள்யூ.ஹெச்.-073 உறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது! அன்றிலிருந்து இன்று வரை ஐரோப்பாவில் மட்டும் 200-க்கும் மேற்பட்ட வகைகள் பதிவாகியிருக்கின்றன. வழக்கமான சிறுநீர்ச் சோதனை டி.ஹெச்.சி.யைத்தான் தேடும் என்பதால், இவை பெரும்பாலும் அதில் சிக்குவதில்லை. 2018-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் எலி விஷமே கலந்து வந்தது. 150-க்கும் மேற்பட்டோர் மூக்கிலும் ஈறிலும் சிறுநீரிலும் ரத்தம் கசிய மருத்துவமனைக்கு ஓடினார்கள். சில உயிர்கள் போயே போய்விட்டன.

வெறும் காகிதத்திலும், 'வேப்' என்ற மின்சிகரெட்டிலும் வரும் தெரியுமா?

பிரிட்டன் சிறைகளுக்கு வந்த கடிதங்களில் இந்த ரசாயனம் ஊறியிருந்தது. குழந்தை கிரேயானால் கிறுக்கிய ஓவியம்போல வந்த தாளைக்கூட நம்ப முடியாத நிலை! ஸ்காட்லாந்து சிறைகளில் 2021 டிசம்பர் முதல் கைதிகளுக்குக் கடிதத்தின் நகலைத்தான் கொடுக்கிறார்கள்.

இன்னும் ஒன்று. 2024-ல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகம், 38 பள்ளிகளில் மாணவர்களிடம் பறிமுதல் செய்த வேப் கருவிகளைச் சோதித்தது. ஆறில் ஒன்றில் ஸ்பைஸ்! அந்தப் பிள்ளைகளில் பலர் இழுப்பது என்னவென்றே தெரியாமல் இழுத்திருக்கலாம். நம் நாட்டில் மின்சிகரெட்டுக்கு 2019-லேயே தடை வந்துவிட்டது. ஆனாலும் பிள்ளையின் புத்தகப்பையில் பென்டிரைவ் போன்ற, பழ வாசனை வீசும் ஒன்று கிடைத்தால், அலட்சியமாக விட்டுவிடாதீர்கள்.

போன ஆனந்தம் திரும்பி வரும் தெரியுமா?

இதுதான் நான் சொன்ன நல்ல சேதி! தினமும் கஞ்சா புகைத்தவர்களின் மூளையை 2012-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு ஸ்கேன் செய்து பார்த்தது. முதலில் சி.பி.1 ஏற்பிகள் குறைந்திருந்தன. ஏறக்குறைய நான்கு வாரம் புகைக்காமல் இருந்த பின் பார்த்தபோது, மூளையின் பெரும்பாலான பகுதிகளில் அவை மீண்டுவிட்டிருந்தன. இயற்கைக் கஞ்சாவில் கண்ட முடிவுதான் இது. செயற்கைக் கஞ்சாவிலிருந்து மீள இன்னும் நாளாகலாம், எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது. ஆனாலும் பிடுங்கிப் போட்ட ஒயரைத் திரும்ப மாட்ட மூளைக்குத் தெரியும் என்பதே எவ்வளவு பெரிய தெம்பு!

உங்கள் வீட்டுப் பிள்ளை திடீரென்று எல்லாரையும் சந்தேகப்பட்டால், இரவெல்லாம் விழித்திருந்தால், சொன்னதை அடுத்த நிமிடமே மறந்தால், கத்தாதீர்கள், கை ஓங்காதீர்கள். பயந்து நடுங்கும் மூளையின்மேல் இன்னொரு பயத்தை ஏற்றாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், வெளிச்சத்தைக் குறையுங்கள், மெதுவாகப் பேசுங்கள். வலிப்போ மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே 108. தற்கொலைப் பேச்சு, மனக்குழப்பம் என்றால் 14416, அது டெலி-மானஸ் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். போதைப் பழக்கத்திலிருந்து மீள 14446. மருத்துவரிடம் 'கஞ்சா' என்று மட்டும் சொல்லாமல், உறையோ வேப் கருவியோ இருந்தால் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

என்றாவது ஒரு காலையில் அந்தப் பிள்ளை, 'அம்மா, சாம்பார் நல்லா இருக்கு' என்று சொல்லலாம். கேட்டவர்களுக்கு அது சாதாரணப் பேச்சு. அந்த அம்மாவுக்குத் தெரியும், பிள்ளையின் மூளையில் கதவு திறக்க மறுபடி ஆள் வந்துவிட்டது என்று!